பேரிடர்க் காலத்துக் குரல்: சிங்கப்பூரில் சுகாதார ஊழியர்களும் தொலைபேசி ஆலோசனையும் (2003–2020)

முன்னுரை

கொள்ளைநோய்களின் வரலாறு பெரும்பாலும் நோயுற்றோர், இறந்தோர் ஆகியோரின் தொகையைக் கொண்டும், அரசு பிறப்பித்த ஆணைகளைக் கொண்டுமே எழுதப்பட்டு வருகிறது. மருத்துவமனைக்குள் பணிபுரிந்தோர் தமக்கு ஐயம் எழுந்தபோது யாரிடம் கேட்டனர், அச்சம் மிகுந்தபோது யாரிடம் மனந்திறந்து பேசினர் என்னும் வினாக்கள் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை காண முற்படும்போது தொலைபேசி முதன்மையான இடத்தைப் பெறுகிறது. தொடுதலும் நெருங்கி நிற்றலும் விலக்கப்பட்ட காலத்தில் சுவர்களைத் தாண்டிச் செல்லக்கூடியதாக எஞ்சியிருந்தது குரல் மட்டுமே.

சிங்கப்பூரில் 2003ஆம் ஆண்டில் பரவிய சார்ஸ் நோயையும் 2020ஆம் ஆண்டில் பரவிய கோவிட்-19 நோயையும் களமாகக் கொண்டு, சுகாதார ஊழியர்களைச் சுற்றி அமைந்த தொலைபேசி அழைப்புகளை இக்கட்டுரை ஆராய்கிறது. அழைப்பின் திசையை நோக்க, அவற்றை மூவகைப்படுத்தலாம். மருத்துவர் மற்றொரு மருத்துவரிடம் அறிவு நாடும் அழைப்பு முதலாவது. அரசு தனிமனிதரைக் கண்காணிக்கும் அழைப்பு இரண்டாவது. ஊழியர் தம் துயரையோ இடர்ப்பாட்டையோ கூறி உதவி நாடும் அழைப்பு மூன்றாவது. முதலிரு வகைகளும் 2003இலேயே முறையாகச் செயற்பட்டன. மூன்றாம் வகை பொதுச் சேவையாக உருப்பெற 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாறு உருப்பெற்றபோது, சேவையின் எல்லையை வரையறுத்தது கருவியைக் காட்டிலும் மறுமுனையில் இருப்பவரின் மொழியே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

'சுகாதார ஊழியர்' என்னும் தொடர் இங்கு மருத்துவர், தாதியர் ஆகியோரோடு மருத்துவமனை உதவியாளர், துப்புரவுப் பணியாளர், எழுத்தர் முதலியோரையும் உள்ளடக்கும்.

களம்

சார்ஸ் நோய்ப்பரவலின் மையமாக விளங்கிய டான் டோக் செங் மருத்துவமனை, சிங்கப்பூர் இந்தியர்களின் வாழ்வோடு நெடுங்காலம் பிணைந்த சிராங்கூன் சாலை வட்டாரத்தை அடுத்துள்ளது. 1844ஆம் ஆண்டு பேர்ல்ஸ் ஹில் குன்றில் ஏழை நோயாளிகளுக்காக அடிக்கல் நாட்டப்பெற்ற இம்மருத்துவமனை, 1860இல் சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் சந்திக்கும் பகுதிக்கும், 1909இல் மோல்மின் சாலைப் பகுதிக்கும் இடம்பெயர்ந்தது. அதே மோல்மின் சாலையில் 1913 முதல் தொற்றுநோய் மருத்துவமனை ஒன்றும் இயங்கி வந்தது. 1920இல் மிடில்டன் மருத்துவமனை எனப் பெயர்பெற்ற அது, 1985இல் டான் டோக் செங் மருத்துவமனையுடன் இணைக்கப்பட்டுத் தொற்றுநோய் நிலையமாயிற்று. அதன் வழித்தோன்றலான தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் 2019இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது.

இவ்வட்டாரம் தொலைபேசியோடும் தொடர்புடையது. கைப்பேசிகள் மலிவாகப் பரவுவதற்கு முன்னர், தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலைக் கடைகளில் தொலைபேசி அட்டைகளை வாங்கி ஊருக்குப் பேசுவது வழக்கமாக இருந்தது. கட்டட வேலைக்கு வந்தவருக்கும் கடைப்பணிக்கு வந்தவருக்கும் மனச்சுமையை இறக்கிவைக்க வாரம் ஒருமுறை கிடைத்த வாய்ப்பு அதுவே. ஒருவரின் துயரைக் கேட்கும் பொறுப்பு அன்று குடும்பத்தையே சார்ந்திருந்தது.

மருத்துவர்க்கு மருத்துவர்

ஹாங்காங்கிலிருந்து திரும்பிய பயணி ஒருவர் 2003 மார்ச் 1ஆம் நாள் டான் டோக் செங் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவருக்கு வந்திருந்த நோய்க்குப் பெயர்கூட இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் மார்ச் 12ஆம் நாள் உலகளாவிய எச்சரிக்கை விடுத்தது. சிங்கப்பூரின் முதல் நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் ஒருவர் அப்போது மருத்துவ மாநாட்டிற்காக நியூயார்க் சென்றிருந்தார். அங்கே அவருக்குக் காய்ச்சல் கண்டது. மார்ச் 14ஆம் நாள் ஊர் திரும்ப விமானம் ஏறுமுன், சிங்கப்பூரிலிருந்த சக மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துத் தம் உடல்நிலையைத் தெரிவித்தார். கேட்டவர் அதிகாரிகளிடம் கூற, அவர்கள் உலகச் சுகாதார நிறுவனத்திற்குத் தெரிவித்தனர். விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும் அம்மருத்துவர் அங்கேயே மருத்துவமனையில் தனிமைப்படுத்தப்பட்டார். அதே மார்ச் 15ஆம் நாள், நோய்க்கு 'சார்ஸ்' என்னும் பெயரைச் சூட்டி, பயணிகளுக்கான அவசர அறிவுறுத்தலையும் அந்நிறுவனம் வெளியிட்டது.

இந்நிகழ்ச்சி கருதத்தக்கது. நட்பின் அடிப்படையில் அமைந்த ஓர் அழைப்பு உலக நடவடிக்கைக்கு வழிகோலியது. அது பயன்பட்டதற்குக் காரணம் இரண்டு. அழைத்தவர் எதைச் சொல்ல வேண்டும் என அறிந்திருந்தார். கேட்டவருக்கு அதைப் பொருள்கொள்ளும் அறிவும், உரியவரிடம் கொண்டுசேர்க்கும் வழியும் இருந்தன. இருவரும் ஒரே துறையின் மொழியைப் பேசினர்.

இதனை முறைப்படுத்தும் முயற்சியும் உடன் தொடங்கியது. மார்ச் 17ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் 9 நாடுகளைச் சேர்ந்த 11 ஆய்வுக்கூடங்களை ஒரு வலையமைப்பாக்கியது. ஆய்வாளர்கள் நாள்தோறும் தொலைபேசிக் கலந்துரையாடல் வழித் தம் முடிவுகளைப் பகிர்ந்துகொண்டனர். நோய்க்குக் காரணம் புதுவகைக் கொரோனா கிருமி என்பது ஒரு திங்களுக்குள், ஏப்ரல் 16ஆம் நாள், உறுதிசெய்யப்பட்டது. மார்ச் இறுதியில் 13 நாடுகளைச் சேர்ந்த 80 மருத்துவர்கள் தொலைத்தொடர்பு வழி ஒன்றுகூடி நோய்க்குறிகளையும் சிகிச்சை முறைகளையும் ஒப்பிட்டனர். பாடநூல் இல்லாத நோய்க்கு இத்தகைய உரையாடல்களே பாடநூலாயின எனலாம்.

கண்காணிக்கும் அழைப்பு

2003 மார்ச் 22ஆம் நாள் டான் டோக் செங் மருத்துவமனை சார்ஸ் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. மார்ச் 24ஆம் நாள் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் வீட்டில் தனிமைப்படுத்தும் ஆணை நடைமுறைக்கு வந்தது. நோய்ப்பரவல் முடிவதற்குள் 7,800க்கும் மேற்பட்டோர் இவ்வாணையைப் பெற்றனர். ஏப்ரலில் அவர்களின் இல்லங்களில் மின்னணுப் படக்கருவி பொருத்தும் முறை வந்தது. எதிர்பாராத நேரத்தில் தொலைபேசி ஒலிக்கும். எடுத்தவர் படக்கருவியின் முன் தோன்றித் தாம் வீட்டிலிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். தொற்று வாய்ப்புக் குறைந்தவர்கள் நாள்தோறும் தொலைபேசி வழி உடல்நிலை வினவப்பட்டனர். நோய் ஐயம் உள்ளோரை ஏற்றிச் செல்ல 993 என்னும் தனி அவசர ஊர்தி எண்ணும் இயங்கியது.

இவ்வழைப்புகள் நோயை அடக்க உதவின என்பதில் ஐயமில்லை. சிங்கப்பூரின் பெயர் மே 31ஆம் நாள் நோய்ப்பரவல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எனினும் அவற்றின் இயல்பு வேறு. வினாக்கள் முன்னரே வகுக்கப்பட்டவை: காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வீட்டில் இருக்கிறீர்களா. விடையளிப்பவர் தாமாக ஒன்றைக் கேட்பதற்கு அதில் இடம் குறைவு. ஒரே கருவி ஒருவருக்குப் பாதுகாப்பாகவும் மற்றொருவருக்குக் காவலாகவும் விளங்கிய நிலையை இங்குக் காண்கிறோம்.

சொல்ல ஒருவர்

சிங்கப்பூரில் சார்ஸ் நோயால் பாதிக்கப்பட்ட 238 பேருள் 97 பேர், அதாவது ஏறத்தாழ 41 விழுக்காட்டினர், சுகாதார ஊழியர்களே. உயிரிழந்த 33 பேருள் மருத்துவர், தாதியர் உள்ளிட்ட ஊழியர்கள் ஐவர் அடங்குவர். நாள்தோறும் தம் உடல்வெப்பத்தை அளந்து பதிவுசெய்துகொண்டே பிறரைப் பேணும் நிலை அவர்களுடையது.

அவர்தம் மனநிலையை இரு ஆய்வுகள் தெளிவுறுத்துகின்றன. ஒன்பது சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த 10,511 ஊழியர்களிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளிவந்த ஆய்வில், 49 விழுக்காட்டினர் சமூகத்தால் ஒதுக்கப்பட்டதாகவும், 31 விழுக்காட்டினர் குடும்பத்தினராலும் ஒதுக்கப்பட்டதாகவும் கூறினர். அதே ஆய்வில் 77 விழுக்காட்டினர் சமூகம் தம்மைப் பாராட்டியதாகக் கூறியுள்ளனர். பாராட்டும் ஒதுக்கலும் ஒருசேர நிகழ்ந்தன. வெளியே கைதட்டிய சமூகம் மின்தூக்கிக்குள் விலகி நின்றது.

2004இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நடுத்தர அளவிலான பொது மருத்துவமனை ஒன்றில் 661 பேரை ஆராய்ந்து, அவர்களுள் 27 விழுக்காட்டினரிடம் மனநலக் குறைவின் அறிகுறிகளைக் கண்டது. துயரைத் தாங்க உதவியவை எவை என்னும் வினாவிற்கு ஊழியர்கள் அளித்த விடை, நாம் ஊன்றி நோக்கத்தக்கது. தெளிவான நெறிமுறைகள், மேலாளர் மற்றும் சக ஊழியரின் ஆதரவு, குடும்பத்தின் துணை, சமய நம்பிக்கை ஆகியவற்றோடு, தம் அனுபவத்தை யாரிடமேனும் பேச முடிதலையும் அவர்கள் குறிப்பிட்டனர். குடும்பமே ஒதுக்கும் நிலையில் அந்த 'யாரேனும்' யார் என்பதே 2003 விட்டுச்சென்ற வினா.

இவ்வினாவிற்கு உலகின் பிற பகுதிகளில் முன்மாதிரிகள் இருந்தன. 1953இல் இலண்டனில் சாட் வாரா தொடங்கிய சமாரித்தன்ஸ் அமைப்பு, முகமறியாத ஒருவர் தொலைபேசியில் செவிமடுத்தலே ஒரு சேவை என்னும் எண்ணத்தை நிலைநாட்டியது. இலங்கையில் சுமித்ரயோ, சென்னையில் 1986 முதல் சிநேகா, சிங்கப்பூரில் சிங்கப்பூர் அபயம் ஆலோசனைச் சங்கம் ஆகியன அவ்வழியில் தோன்றியவை. ஆனால் அவை தற்கொலைத் தடுப்பை முதன்மை நோக்கமாகக் கொண்டவை. கொள்ளைநோய்க் காலப் பணியாளரின் தேவை அதனினும் விரிந்தது.

2020: பொதுச் சேவையாகிய அழைப்பு

சிங்கப்பூரில் கோவிட்-19 முதன்முதலில் 2020 ஜனவரி 23ஆம் நாள் கண்டறியப்பட்டது. தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் ஆயத்தமாக இருந்தது. மனநலத்தின் நிலை என்ன? அவ்வாண்டு பிப்ரவரி, மார்ச் திங்கள்களில் இரு மருத்துவமனைகளைச் சேர்ந்த 470 ஊழியர்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. மருத்துவர், தாதியரிடையே 10.8 விழுக்காட்டினருக்குப் பதற்றம் காணப்பட்டது. மருத்துவம் சாராத மருத்துவமனைப் பணியாளரிடையே அது 20.7 விழுக்காடாக இருந்தது. நோயாளியை நெருங்கி நிற்பவரைக் காட்டிலும் தொலைவில் நிற்பவர் மிகுதியாக அஞ்சினர். நோய்பற்றிய அறிவும் ஆதரவும் அவர்களை எளிதில் எட்டாமையே இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதினர். கேட்பதற்கு ஆளின்மை அச்சத்தைப் பெருக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஏப்ரல் 7ஆம் நாள் நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 10ஆம் நாள், 24 மணிநேரமும் இயங்கும் தேசியப் பராமரிப்புத் தொலைபேசிச் சேவை தொடங்கப்பட்டது. உளவியலாளர், ஆலோசகர், சமூகப் பணியாளர், அரசு அலுவலர் எனப் பயிற்சி பெற்ற 300க்கும் மேற்பட்டோர் இதில் பணியாற்ற முன்வந்தனர். மனச்சுமை கொண்ட எவரும் அழைக்கலாம் என்பதால் மருத்துவமனைப் பணியாளருக்கும் அது திறந்திருந்தது. 2003இல் நட்பையும் குடும்பத்தையும் நம்பியிருந்த மூன்றாம் வகை அழைப்பு, 2020இல் அரசின் பொறுப்பாகியது. இப்போக்கு அத்துடன் நிற்கவில்லை. 2025 ஜூன் திங்களில் 1771 என்னும் எண்ணுடன் தேசிய மனநலத் தொலைபேசிச் சேவை தொடங்கப்பட்டது.

இந்தியாவில் முதல் வகை அழைப்பு நிறுவன வடிவம் பெற்றது. 2020 மார்ச் 28ஆம் நாள் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தேசியத் தொலைமருத்துவ ஆலோசனை மையம் திறக்கப்பட்டது. நாட்டின் எந்த மூலையிலுள்ள மருத்துவரும் கோவிட் சிகிச்சை குறித்து எந்நேரமும் வல்லுநரிடம் கேட்பதற்கு அது வழிசெய்தது. 2003இல் நியூயார்க்கிலிருந்து பேசிய மருத்துவருக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் இருந்தார். அத்தகைய நண்பர் இல்லாத சிற்றூர் மருத்துவருக்கும் அவ்வாய்ப்பை வழங்குவதே இம்மையத்தின் நோக்கம் எனலாம்.

தங்கும் விடுதிகளும் மொழிச் சிக்கலும்

சிங்கப்பூரில் நோயின் பெருஞ்சுமையைத் தாங்கியவர்கள் வெளிநாட்டு ஊழியர்கள். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் சையது ஆல்வி சாலையிலுள்ள முஸ்தஃபா சென்டர், நோய்த்தொற்றுக் குழுமம் கண்டறியப்பட்டதும் மூடப்பட்டது. மே 6ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டது. தங்கும் விடுதிகளில் வாழ்ந்த ஏறத்தாழ 3,23,000 பேர் அறைகளுக்குள் முடங்கினர். அவர்களுள் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததை அவ்வாண்டு டிசம்பரில் அரசு வெளியிட்ட தரவு காட்டியது. விடுதிகளுக்கு மருத்துவக் குழுக்கள் சென்றன. உயிர்வளி அளவி வழங்கப்பட்டது. கைப்பேசி வழி மருத்துவரைக் கலந்தாலோசிக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது.

இங்குத்தான் சுகாதார ஊழியருக்குப் புதுவகை ஆலோசனை தேவைப்பட்டது. மருத்துவம் அறிந்திருந்தும் நோயாளியின் மொழி அறியாமல் அவர்கள் தவித்தனர். வங்காளமொழி பேசும் நோயாளிகளோடு உரையாட, அம்மொழியறிந்த இளம் பட்டதாரி ஒருவர் 2020 ஏப்ரலில் மொழிபெயர்ப்புத் தளம் ஒன்றை அமைத்தார். மருத்துவ வினாக்கள் ஒலிவடிவில் தரப்பட்டன. தொலைபேசியில் அழைத்தால் மொழிபெயர்க்கும் தன்னார்வலர் பட்டியலும் அதில் இருந்தது. மருத்துவருக்கு மருத்துவர் துணை நின்றது 2003 எனில், மருத்துவருக்கு மொழியறிந்தோர் துணை நின்றது 2020.

தமிழ் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாகையால், அரசின் வாட்ஸ்அப் அறிவிப்புகள் நான்கு மொழிகளுள் ஒன்றாகத் தமிழிலும் வெளிவந்தன. தமிழறிந்த ஊழியரும் மருத்துவமனைகளில் உள்ளனர். ஆயினும் அறிவிப்பை மொழிபெயர்த்தலும் தொலைபேசியில் நோயாளியின் சொல்லைப் புரிந்துகொள்ளுதலும் வெவ்வேறு திறன்கள். 'மூச்சு வாங்குது' என்பது நடந்தால் வரும் இளைப்பைக் குறிக்கும். 'மூச்சு முட்டுது' என்பது திணறலைக் குறிக்கும். 'மூச்சு இழுக்குது' என்பது பெரும்பாலும் ஈளை நோய்க்குரியது. மூன்றையும் 'மூச்சுத்திணறல்' என ஒரே எழுத்துவழக்குச் சொல்லால் பெயர்த்தால், முகம் காணாத மருத்துவர் நோயின் கடுமையை அறிய இயலாது. 'இப்போ எப்படி இருக்கு?' என்னும் வினாவிற்கு 'பரவாயில்ல' என விடை வந்தால், குணமாகிவிட்டது எனவும் கொள்ளலாம். தாங்கிக்கொள்கிறேன், உங்களுக்கு ஏன் தொல்லை எனவும் கொள்ளலாம். எது என்பதைக் குரலின் தாழ்வும் இடைவெளியுமே உணர்த்தும். மனநலக் குறையைக் கூறத் தயங்குவோர் 'மனசு சரியில்ல' எனத் தொடங்காமல், 'தூக்கம் வரல', 'சாப்பாடு இறங்கல' எனத் தொடங்குவர். தமிழறிந்த தாதி அடுத்த வினாவை எழுப்புவார். அறியாதவர் தூக்க மருந்தோடு நிறுத்திக்கொள்ளக்கூடும்.

விளிச்சொல்லும் பொருட்படுத்தத்தக்கது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர் தாதியை 'மிஸ்ஸி' என அழைப்பர். தமிழகத்தார் 'சிஸ்டர்' என்பர். மறுமுனையில் 'சொல்லுங்க தம்பி' என ஒரு குரல் ஒலிக்கும்போது உரையாடலின் இயல்பே மாறுகிறது. விசாரணை அங்கே நலம் விசாரித்தலாகிறது. தமிழகத்தில் 2013 டிசம்பரில் தொடங்கப்பட்ட 104 மருத்துவ ஆலோசனைச் சேவை, பேச்சுத்தமிழில் மருத்துவ அறிவுரை வழங்குவதை அன்றாட வழக்காக்கியிருப்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

தமிழ்க்கல்விக்கு உரிய பாடம்

சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தரப் பரிந்துரைத்தது. அதுபற்றிய விவாதம் பெரும்பாலும் மொழியின் தூய்மை, இலக்கியத் தொடர்ச்சி ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தது. கொள்ளைநோய்க் கால அனுபவம் அவ்விவாதத்திற்கு வேறொரு பரிமாணத்தைச் சேர்க்கிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளுள் தமிழை இல்லத்தில் மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. இது 2010ஐக் காட்டிலும் குறைவு. வீட்டில் கேளாத பேச்சுமொழியை மாணவர் வேறெங்கே பெறுவர்? தேர்வில் கட்டுரை வரையத் தெரிந்த மாணவர் நாளை மருத்துவராகித் தொலைபேசியின் முன் அமரும்போது, 'நெஞ்சு படபடங்குது' என்பதன் பொருள் விளங்காது விழிப்பாராயின், நம் கற்பித்தலில் ஒரு பகுதி நிறைவுபெறவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இதற்குப் பெரும் மாற்றங்கள் தேவையில்லை. கேட்டல் பயிற்சிகளில் வட்டார வழக்குகளை இடம்பெறச் செய்யலாம். நோயாளி, தாதி உரையாடல்களை மாணவர் நடித்துப் பழகலாம். உடல்நோவையும் மனநோவையும் குறிக்கும் வழக்குச் சொற்களைப் பட்டதாரி மாணவர் தொகுத்தல் ஓர் ஆய்வுப்பொருளாகவும் அமையும். இரு நோய்ப்பரவல்களிலும் பணியாற்றிய தமிழ்த் தாதியர், உதவியாளர் ஆகியோரின் நினைவுகளை வாய்மொழி வரலாறாகப் பதிவுசெய்தலும் இன்றியமையாதது. 2003இல் பணியில் மூத்திருந்தோர் இன்று ஓய்வுபெற்று வருகின்றனர்.

முடிவுரை

கண்காணிக்கும் அழைப்புகள் பதிவேடுகளில் இடம்பெறும். மருத்துவர்கள் பகிர்ந்த அறிவு ஆய்வேடுகளாக வெளிவரும். இரவுப்பணி முடிந்த ஒருவர் தாழ்ந்த குரலில் பேசிய அழைப்பு எந்த ஆவணத்தையும் எளிதில் எட்டுவதில்லை. ஆயினும் அத்தகைய அழைப்பே பலரை மறுநாள் மீண்டும் பணிக்கு வரச்செய்தது என்பதை, 'பேச ஒருவர் வேண்டும்' என்ற 2003ஆம் ஆண்டு ஊழியர்களின் கூற்று உணர்த்துகிறது.

பதினேழு ஆண்டுகளில் அத்தேவையைச் சமூகம் ஏற்றுக்கொண்டது, எண்கள் அறிவிக்கப்பட்டன, பயிற்சி பெற்றோர் அமர்த்தப்பட்டனர். இனி வேண்டுவது, அழைப்பவர் தம் சொந்த மொழியில் தடுமாற்றமின்றித் தொடங்கவும், கேட்பவர் அம்மொழியின் உட்பொருளை உணர்ந்து விடையளிக்கவும் இயலும் நிலையாகும். அதனை உருவாக்குவதில் சுகாதாரத் துறைக்கு இணையான பங்கு தமிழாசிரியருக்கும் உண்டு.